நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின்: கண்டறியும் நுட்பங்களும் நீக்கும் வழிகளும்

ஆய்வுச் சுருக்கம்

உணவில் கலக்கும் வேதி மாசுகளுள் பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சுகள் தனி இடம் பெறுவன. பூச்சிக்கொல்லியைப் போல மனிதர் தெளித்தவையோ, கலப்படக்காரர் சேர்த்தவையோ அல்ல இவை, விளைபொருளிலேயே தோன்றுபவை. இவற்றுள் மிகக் கொடியதாகக் கருதப்படும் அஃப்ளாடாக்சினை எடுத்துக்கொண்டு, அதனைக் கண்டறிவதற்கும் நீக்குவதற்கும் வளர்ந்துள்ள தொழில்நுட்பங்களை இக்கட்டுரை விளக்குகிறது. கருவிகளின் நுட்பம் பெருகிய அளவுக்கு மாதிரி எடுக்கும் முறை பெருகவில்லை என்பதும், கருவியின் கண்ணுக்குத் தெரியாமற்போன நச்சு அழிந்துபோன நச்சு ஆகாது என்பதும், ஒதுக்கப்பட்ட கடலை புண்ணாக்கு வழியாகப் பாலில் திரும்பி வருகிறது என்பதும் இதில் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: அஃப்ளாடாக்சின், நிலக்கடலை, மாதிரி எடுத்தல், வண்ணப்பிரிகை, நிறை நிறமாலை, நச்சு நீக்கம், புண்ணாக்கு, பால்.

முன்னுரை

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படாததால் அந்நோய்க்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டனர். வாத்துக் குஞ்சுகளும் இறக்கவே, தீவனத்தின்மீது ஐயம் எழுந்தது. பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்கே காரணம் எனத் தெரியவந்தது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சையின் பெயரிலிருந்தே அஃப்ளாடாக்சின் என்ற சொல் பிறந்தது.

இந்தியாவில் இந்நச்சின் கொடுமை மனிதர்மீதே வெளிப்பட்டது. 1974ஆம் ஆண்டின் இறுதியில், இராசத்தானின் பன்ஸ்வாரா, குசராத்தின் பஞ்சமகால் ஆகிய மாவட்டங்களின் பழங்குடி ஊர்களில் மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோப்பும் கொண்ட நோய் பரவியது. பருவம் தவறிய மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களே நோயுற்றனர். அவ்வீடுகளில் வளர்ந்த நாய்களும் அதே நோய்க்கு ஆளாயின. பதிவான 397 நோயாளிகளுள் 106 பேர் இறந்தனர். அவர்கள் நாளொன்றுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சினை உட்கொண்டிருக்கக்கூடும் என ஆய்ந்தவர்கள் கணித்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2004இல், கென்யாவின் கிழக்குப் பகுதியில் இதே நிகழ்வு மக்காச்சோளத்தாலேயே மீண்டும் நேர்ந்தது. 317 பேர் நோயுற்றனர், 125 பேர் இறந்தனர்.

இத்தகைய திடீர் மரணங்கள் அரிதானவை. மிகச் சிறிய அளவில் பல்லாண்டுகள் உட்கொள்வதால் உண்டாகும் கல்லீரல் புற்றுநோயே பெரிய இடர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்னும் முதற்பிரிவில் வைத்துள்ளது. சாங்காயில் நடத்தப்பெற்று 1992இல் வெளிவந்த ஆய்வு இதன் இயல்பை நன்கு காட்டுகிறது. அஃப்ளாடாக்சினுக்கு மட்டும் ஆட்பட்டவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் இடர் சுமார் 3 மடங்காகவும், கல்லீரல் அழற்சி பி வைரசு மட்டும் உடையவர்களிடம் சுமார் 7 மடங்காகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தவர்களிடமோ அது ஏறத்தாழ 60 மடங்காக உயர்ந்தது. இரண்டு இடர்களும் கூடுவதில்லை, பெருகுகின்றன எனலாம்.

நச்சின் அமைப்பு

கண்டறியும் முறைகளையும் நீக்கும் முறைகளையும் ஒருசேர விளங்கிக்கொள்ள, மூலக்கூறின் அமைப்பைச் சிறிது அறிதல் தேவை. உணவில் காணப்படும் முதன்மையான அஃப்ளாடாக்சின்கள் நான்கு: பி1, பி2, ஜி1, ஜி2. புற ஊதா ஒளியில் நீல நிறமாக ஒளிர்வன பி என்றும், பச்சை நிறமாக ஒளிர்வன ஜி என்றும் அந்நிறங்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்தால் குறிக்கப்பெற்றன. பி1ஐ உண்ட கறவை மாட்டின் பாலில் வெளிப்படும் மாற்றுரு எம்1 எனப்படும்.

பி1 மூலக்கூற்றின் ஒரு முனையில் இணைந்த இரண்டு ஃபியூரான் வளையங்களும், மறுமுனையில் லாக்டோன் வளையத்தைக் கொண்ட கூமரின் பகுதியும் உள்ளன. ஒளிரும் பண்பு கூமரின் பகுதிக்குரியது. கொல்லும் பண்போ பெரும்பாலும் ஃபியூரான் முனையில் 8, 9 என எண்ணிடப்பட்ட கரிம அணுக்களுக்கிடையிலான இரட்டைப் பிணைப்பைச் சார்ந்தது. கல்லீரலின் நொதிகள் அந்த இரட்டைப் பிணைப்பில் ஆக்சிசனைச் சேர்த்து எப்பாக்சைடாக மாற்றுகின்றன. அந்த எப்பாக்சைடு டி.என்.ஏ.வின் குவானைனோடு பிணைகிறது. செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53 மரபணுவின் 249ஆம் குறியத்தில் குறிப்பிட்ட ஒரு மாற்றம் அஃப்ளாடாக்சின் மிகுந்த பகுதிகளின் கல்லீரல் புற்றுகளில் அடிக்கடி காணப்படுவது இதனோடு தொடர்புடையது. பி2, ஜி2 ஆகியவற்றில் இந்த இரட்டைப் பிணைப்பு இல்லை. அதனால் அவற்றின் நச்சுத்தன்மையும் குறைவு.

ஆக, ஒளிரும் முனை ஒன்று, கொல்லும் முனை வேறொன்று. இந்த வேறுபாட்டைக் கருதாமல் நச்சு நீக்க ஆய்வுகளின் முடிவுகளைப் படிப்பது தவறான நம்பிக்கைக்கு இடந்தரும்.

வரம்புகள்

உணவில் இந்நச்சின் அளவு கிலோகிராமுக்கு மைக்ரோகிராம் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. நேரடியாக உண்ணும் நிலக்கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் பி1க்கு 2 மைக்ரோகிராம், நான்கும் சேர்ந்து 4 மைக்ரோகிராம் என வரம்பு விதித்துள்ளது. மேற்கொண்டு பதப்படுத்தப்படவுள்ள கடலைக்குக் கோடெக்சு உணவுத் தர அமைப்பின் வரம்பு 15. அமெரிக்காவின் செயல்வரம்பு 20. இந்தியாவில் பழைய உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளின்படி 30ஆக இருந்த பொது வரம்பு, இன்றைய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணைய விதிகளில் பதப்படுத்தவுள்ள கொட்டைகளுக்கு 15 எனவும் உண்ணும் நிலையிலுள்ளவற்றிற்கு 10 எனவும் குறைக்கப்பட்டுள்ளது. பாலில் எம்1க்கு இந்திய வரம்பு கிலோகிராமுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய வரம்பு அதில் பத்திலொரு பங்கு. ஒரே கப்பலில் ஏற்றிய சரக்கு ஒரு துறைமுகத்தில் நல்லதாகவும் இன்னொன்றில் கழிவாகவும் ஆவது இவ்வேறுபாடுகளால்தான்.

மாதிரி எடுத்தலின் சிக்கல்

கருவிகளைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் பகுதி இது. ஆனால் பிழை மிகுதியாக நுழையும் இடமும் இதுவே. பாலில் எம்1 சீராகக் கரைந்திருக்கும். எங்கே முகந்தாலும் ஒரே அளவு கிடைக்கும். நிலக்கடலையில் அவ்வாறில்லை. பூஞ்சை எல்லாப் பருப்பிலும் பரவுவதில்லை. பல்லாயிரம் பருப்புகளுள் ஒன்றிரண்டே நச்சேறியிருக்கும். அந்த ஒன்றில் நச்சு மிகக் கடுமையாகச் செறிந்திருக்கும். தனிப் பருப்பு ஒன்றில் கிலோகிராமுக்குப் பத்து இலட்சம் மைக்ரோகிராம் என்னும் அளவையும் கடந்த செறிவு அளக்கப்பட்டுள்ளது.

அத்தகைய ஒரு பருப்பின் எடை அரைக் கிராம் என்று கொண்டால், அதனுள் இருப்பது 500 மைக்ரோகிராம் நச்சு. குற்றமற்ற 20 கிலோகிராம் பருப்போடு அது கலந்து அரைபட்டால், முழுவதன் சராசரியும் கிலோகிராமுக்கு 25 மைக்ரோகிராம் ஆகிவிடும். அதாவது நாற்பதாயிரம் பருப்புகளுள் ஒன்று இந்திய வரம்பைக் கடக்கச் செய்யப் போதுமானது.

இதனை நிகழ்தகவின்வழி நோக்கலாம். ஒரு சரக்கில் பத்தாயிரம் பருப்புக்கு ஒன்று நச்சேறியது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு கைப்பிடி போல 200 கிராம், அதாவது 400 பருப்புகளை, எடுத்துச் சோதித்தால் நச்சேறிய பருப்பு ஒன்றுகூட மாதிரியில் சிக்காமற்போகும் வாய்ப்பு 96 விழுக்காடு. ஒரு கிலோகிராம் எடுத்தால் அவ்வாய்ப்பு 82 விழுக்காடு. 20 கிலோகிராம் எடுத்தால்தான் அது 2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிறது. கோடெக்சு அமைப்பு பதப்படுத்தவுள்ள கடலைக்கு 20 கிலோகிராம் மாதிரியை வற்புறுத்துவதும், அமெரிக்காவில் ஏறத்தாழ 22 கிலோகிராம் எடையுள்ள மாதிரிகள் மூன்றுவரை எடுக்கப்படுவதும் இக்காரணம் பற்றியே. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த தாமசு விட்டேக்கர் பல பத்தாண்டுகள் செய்த புள்ளியியல் ஆய்வுகள், மொத்தப் பிழையில் பெரும்பங்கு மாதிரி எடுப்பதிலும், அடுத்த பங்கு அதனை அரைத்துக் கலப்பதிலும், மிகச் சிறு பங்கே ஆய்வகக் கருவியிலும் உள்ளன என்பதை நிறுவின.

இதில் இழப்பு இருபுறமும் உண்டு. தீய சரக்கு தேறிவிட்டால் உண்பவருக்கு இழப்பு; நல்ல சரக்கு தற்செயலாக ஒரு தீய பருப்பால் தள்ளப்பட்டால் விற்பவருக்கு இழப்பு. சிறு வணிகர் ஒருவர் நாலைந்து மூட்டைக் கடலையைச் சோதிக்க 20 கிலோகிராமை அரைத்துத் தூளாக்க வேண்டுமெனில், அவர் சோதனையையே தவிர்ப்பார். உள்ளூர்ச் சந்தைக் கடலை பெரும்பாலும் சோதிக்கப்படாமலே அடுக்களைக்கு வருவதன் பொருளியல் காரணம் இதுவாகும்.

கண்டறியும் கருவிகள்

தொடக்கத்தில் பயன்பட்டது மெல்லடுக்கு வண்ணப்பிரிகை. பருப்பை அரைத்து, கரைப்பானில் நச்சைப் பிரித்து, சிலிக்கா பூசிய தகட்டில் ஓடவிட்டுப் புற ஊதா விளக்கின்கீழ் ஒளிரும் புள்ளிகளைத் தரப்படுத்திய கரைசலோடு ஒப்பிடுவர். இன்றும் வசதி குறைந்த ஆய்வகங்களில் இது பயன்படுகிறது. திறமையான கண்ணிருந்தால் தகுந்த முடிவே தருகிறது.

1980களில் ஒற்றைக்குல எதிர்ப்பொருள்களைத் தாங்கிய சிறு நிரல்கள் வந்தன. நீர்த்த சாற்றை இந்நிரல் வழியே விடும்போது அஃப்ளாடாக்சின் மட்டும் எதிர்ப்பொருளில் சிக்கிக்கொள்ள, எண்ணெயும் நிறமிகளும் கழிந்து வெளியேறுகின்றன. பின்னர் மெத்தனாலால் நச்சை விடுவித்து உயர்செயல்திறன் நீர்ம வண்ணப்பிரிகைக் கருவிக்கு அனுப்புவர். அங்கு ஒரு வேடிக்கையான தடை எதிர்ப்படுகிறது. நச்சு மிகுந்த பி1, ஜி1 ஆகியவற்றின் ஒளிர்வு நீர் கலந்த கரைப்பானில் மங்கிப்போகிறது. நச்சு குறைந்த பி2, ஜி2 நன்றாகவே ஒளிர்கின்றன. எனவே நிரலிலிருந்து வெளிவந்த பிறகு புரோமின் அல்லது அயோடினைக் கொண்டோ, புற ஊதா விளக்கைக் கொண்டோ 8, 9 இரட்டைப் பிணைப்பை மாற்றியமைத்து ஒளிர்வை மீட்கின்றனர். நச்சுக்குக் காரணமான பிணைப்பை அழித்த பின்னரே நச்சை அளக்க முடிகிறது.

இணைந்த நிறை நிறமாலைமானி ஒளிர்வையே நம்புவதில்லை. பி1 ஒரு புரோட்டானை ஏற்று 313 என்னும் நிறையுள்ள அயனியாகிறது; அதனை உடைத்தால் 285, 241 ஆகிய துண்டுகள் தோன்றுகின்றன. இம்மூன்றும் உரிய நேரத்தில், உரிய விகிதத்தில் தோன்றினால் அது பி1 என்பதில் ஐயமில்லை. ஒரே ஓட்டத்தில் அஃப்ளாடாக்சினோடு ஒக்ராடாக்சின், ஃபியூமோனிசின் முதலிய பல பூஞ்சை நச்சுகளையும் அளக்கலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. குறையும் உண்டு. மிளகாய் போன்ற நிறமி மிகுந்த பொருள்களின் சாறு அயனியாக்கத்தை அடக்கி, அளவைக் குறைத்துக் காட்டும். பி1இன் 17 கரிம அணுக்களும் கரிமம்-13 ஓரிடத்தானாக அமைந்த தரப்பொருளை அறிந்த அளவில் முன்கூட்டியே சேர்த்து, இரண்டின் விகிதத்தைக் கொண்டு இப்பிழையைத் திருத்துகின்றனர். அத்தரப்பொருளின் விலை மிகுதி.

கொள்முதல் நிலையங்களுக்கு உகந்தவை எலைசா தட்டுகளும் சோதனைப் பட்டைகளும். ஐதராபாத்து அருகே பட்டன்செருவிலுள்ள பன்னாட்டு வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் (இக்ரிசாட்) குறைந்த செலவில் எலைசா முறையை உருவாக்கியது குறிப்பிடத்தக்கது. பட்டையில் பொன் நுண்துகள்களோடு பிணைத்த எதிர்ப்பொருள் பயன்படுகிறது. இதனைப் படிக்கும்போது ஒன்றை மறக்கலாகாது: கருவுறு சோதனைப் பட்டையில் கோடு தோன்றினால் பொருள் உண்டு, அஃப்ளாடாக்சின் பட்டையிலோ நச்சு மிகுந்தால் கோடு மங்கும், மறையும். மூலக்கூறு மிகச் சிறியதாகையால் இரண்டு எதிர்ப்பொருள்கள் ஒருங்கே அதனைப் பற்ற இடமில்லை. எனவே பட்டையில் பதித்த நச்சும் மாதிரியிலுள்ள நச்சும் ஒரே எதிர்ப்பொருளுக்குப் போட்டியிடும்படி அமைத்துள்ளனர். எதிர்ப்பொருளுக்கு மாற்றாக ஆப்டமர் எனப்படும் செயற்கை நியூக்ளிக் அமில இழைகளைப் பயன்படுத்தும் உணரிகளும் ஆய்வுநிலையில் பெருகியுள்ளன. வெப்பத்தைத் தாங்கும் இயல்பும் வேதிமுறையில் ஆக்கும் எளிமையும் அவற்றின் நன்மைகள். எனினும் தூய கரைசலில் காட்டும் நுண்மையை எண்ணெய் மிகுந்த கடலைச் சாற்றிலும் காட்டும் உணரிகள் சிலவே. இத்துறையில் வெளிவரும் கட்டுரைகளில் எந்தப் பொருளில் சோதித்தனர் என்பதே முதலில் நோக்கத்தக்கது.

மேற்கூறிய எல்லாம் மாதிரியை அரைத்தே அளப்பவை. ஒவ்வொரு பருப்பையும் பார்ப்பது ஒளிவழிப் பிரிப்பு. ஓடும் பட்டையில் விழும் பருப்புகளைப் பல அலைநீளங்களில் படம்பிடித்து, ஐயத்திற்குரியதைக் காற்றுப் பீச்சலால் தள்ளும் பொறிகள் இப்போது நடைமுறையில் உள்ளன. இவை காண்பது பூஞ்சை விளைத்த நிறமாற்றத்தையும் சிதைவையுமே அன்றி, நச்சை அன்று. துருக்கியில் உலர் அத்திப்பழங்களை இருண்ட அறையில் புற ஊதா விளக்கின்கீழ்ப் பரப்பி, ஒளிர்வனவற்றைக் கையால் பொறுக்கி ஒதுக்கும் வழக்கமும் இக்கொள்கையின்பாற்பட்டதே.

நீக்குதலும் அழித்தலும்

சமைத்தால் நச்சு போய்விடும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. அஃப்ளாடாக்சின் வெப்பத்தை வெகுவாகத் தாங்கக்கூடியது. உலர்ந்த நிலையில் அது சிதையத் தேவைப்படும் வெப்பம் 200 செல்சியசைக் கடந்தது; கொதிநீரில் அது எளிதில் அழிவதில்லை. வறுத்தலால் ஒரு பகுதி குறையும்; முற்றும் நீங்காது.

நிலக்கடலையில் மிக நன்றாகப் பயன்தரும் முறை பழையதும் எளியதுமான பொறுக்குதலே. நச்சு சில பருப்புகளில் மட்டும் செறிந்திருப்பது மாதிரி எடுப்பவருக்குத் தொல்லை. பொறுக்குபவருக்கு அதுவே வாய்ப்பு. சுருங்கிய, நிறம் மாறிய, உடைந்த பருப்புகளை ஒதுக்கினால் எடையில் சிறு பகுதி இழந்து நச்சில் பெரும்பகுதியை நீக்கலாம். பருப்பின் தோலை நீக்கிய பின் பொறிவழிப் பிரித்தால் நிறமாற்றம் தெளிவாகத் தெரிவதால் பயன் மேலும் கூடுகிறது.

வேதிமுறைகளுள் நெடிய வரலாறுடையது அம்மோனியா. அழுத்தத்திலும் வெப்பத்திலும் அம்மோனியா லாக்டோன் வளையத்தைத் திறந்து, மூலக்கூற்றை மேலும் சிதைக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் பருத்திக்கொட்டைத் தீவனத்திற்கும், செனகல், பிரான்சு நாடுகளில் கடலைப் புண்ணாக்குக்கும் இம்முறை பயன்படுத்தப்பட்டது. மனித உணவுக்கு இது உகந்ததன்று. ஐரோப்பிய ஒன்றியம் மனித உணவில் பூஞ்சை நச்சுகளை வேதிப்பொருளால் அழிப்பதையும், வரம்பு கடந்த சரக்கை நல்ல சரக்கோடு கலந்து சராசரியைக் குறைப்பதையும் தடைசெய்துள்ளது.

மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு அரைக்கும் தொன்மையான வழக்கம் ஆய்வாளர்களுக்குப் பெரும் நம்பிக்கை அளித்தது. காரத்தில் லாக்டோன் வளையம் திறக்கிறது. சோதனையில் நச்சு பெருமளவு மறைந்ததாகத் தோன்றியது. ஆனால் திறந்த வளையம் அமிலத்தில் மீண்டும் மூடக்கூடியது. 1980களில், சுண்ணாம்பிட்ட மாவை அமிலமாக்கிப் பார்த்தபோது மறைந்த நச்சில் ஒரு பகுதி திரும்பத் தோன்றியது. உண்பவரின் இரைப்பையும் அமிலமே. கழுவுநீரோடும் தோலோடும் போன பகுதி உண்மையில் நீங்கியது. வளையம் திறந்து மாவிலேயே தங்கிய பகுதி நீங்கியதாகாது. ஃபியூரான் முனை தீண்டப்படாதிருக்கும்வரை கருவியின் அமைதியைப் பாதுகாப்பு எனக் கொள்ள இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஓசோன் இதற்கு நேர்மாறாக 8, 9 இரட்டைப் பிணைப்பையே தாக்குகிறது. அதனால் பி1, ஜி1 விரைவில் சிதைகின்றன. அப்பிணைப்பு இல்லாத பி2, ஜி2 பெரிதும் தாக்குப்பிடிக்கின்றன. கோட்பாட்டளவில் இது விரும்பத்தக்க வரிசையே. குளிர் பிளாஸ்மா என்னும் புதிய நுட்பமும் வினைத்திறன் மிக்க ஆக்சிசன், நைட்ரசன் துகள்களால் இவ்வாறே செயற்படுகிறது. இவ்விரண்டிற்கும் பொதுவான தடைகள் இரண்டு. ஒன்று, அவற்றின் ஊடுருவல் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. பூஞ்சையோ பருப்பின் இரண்டு பிளவுகளுக்கிடையிலும் வளர்கிறது. மற்றொன்று, நச்சை ஆக்சிசனேற்றம் செய்யும் துகள்கள் கடலையின் எண்ணெயையும் விட்டுவைப்பதில்லை. காறல் நாற்றம் தோன்றுகிறது. சிதைவால் உண்டாகும் புதுப் பொருள்களின் நச்சுத்தன்மையைத் தனியே ஆராயாமல், பி1 இத்தனை விழுக்காடு குறைந்தது என்று மட்டும் கூறும் முடிவுகள் பாதி விடையே ஆகும்.

அழிக்காமல் கட்டிப்போடுவது இன்னொரு வழி. சில மாண்ட்மோரிலோனைட் வகைக் களிமண்கள் தம் அடுக்குகளுக்கிடையே அஃப்ளாடாக்சினை இறுகப் பற்றிக்கொள்கின்றன. தீவனத்தில் கலந்தால் நச்சு குருதிக்குச் செல்லாமல் சாணத்தோடு வெளியேறுகிறது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் பென்டோனைட்டு களிமண்ணை இப்பயனுக்குரிய தீவனச் சேர்பொருளாக ஏற்றது.

ஒதுக்கப்பட்ட பருப்பின் வழி

பொறுக்கி நீக்கிய பருப்பு எங்கே செல்கிறது என்னும் வினா தமிழ்நாட்டுக்கு மிகவும் உரியது. சூம்பிய, சொத்தையான பருப்பை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. அது குறைந்த விலைக்கு எண்ணெய் ஆட்டப் போகிறது. ஆட்டும்போது நச்சில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்குகிறது. எண்ணெய் பிரிந்து எடை பாதியளவாகச் சுருங்குவதால் அங்கு அதன் செறிவு கூடுகிறது. எண்ணெயோடு செல்லும் சிறு பகுதி, ஆலைகளில் காரமிட்டுச் சுத்திகரிக்கும்போது பெரிதும் நீங்கிவிடும். சுத்திகரிக்கப்படாத செக்கெண்ணெயில் அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே செக்கில் இடும் பருப்பின் தரமே எண்ணெயின் தரம். மைசூரிலுள்ள நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1970களிலேயே கடலை எண்ணெயைக் கண்ணாடிக் கலத்தில் வெயிலில் வைத்தால் அஃப்ளாடாக்சின் சிதைவதைக் காட்டியுள்ளனர். தெளிந்த எண்ணெயில் ஒளி ஊடுருவுவதால் இது கைகூடுகிறது. முழுப் பருப்பில் கைகூடாது.

புண்ணாக்கு மாட்டுக்குச் செல்கிறது. மாடு உண்ட பி1இல் சுமார் 1 முதல் 6 விழுக்காடு எம்1 ஆகப் பாலில் வெளிப்படுகிறது. கிலோகிராமுக்கு 200 மைக்ரோகிராம் பி1 உள்ள புண்ணாக்கை நாளொன்றுக்கு 2 கிலோகிராம் தின்னும் மாடு 400 மைக்ரோகிராமை உட்கொள்கிறது. அதில் 2 விழுக்காடு பாலுக்குச் சென்றால் 8 மைக்ரோகிராம். அது 10 லிட்டர் பாலில் பரவினால் லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம். இந்திய வரம்பை இது கடந்துவிட்டது. காய்ச்சினாலும் பதப்படுத்தினாலும் எம்1 போவதில்லை. அது பாலின் கேசீன் புரதத்தோடு ஒட்டும் இயல்புடையதாகையால் பன்னீரில் செறிகிறது, நெய்யில் குறைகிறது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளுள் 368இல், அதாவது 5.7 விழுக்காட்டில், எம்1 வரம்பு கடந்திருந்தது. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளுள் 88இல் அது வரம்பு மீறியிருந்தது. மாநிலங்களுள் இதுவே மிகுதியான எண்ணிக்கை. பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றிய பொதுமக்களின் கவலைக்கு முன் இச்செய்தி போதிய கவனம் பெறவில்லை. மற்ற கலப்படங்களைப் போலப் பால்காரரைப் பிடித்து இதனைத் திருத்த முடியாது. தவறு பாலில் நேர்ந்ததன்று. அதே வேளையில், திருத்துவதற்கு மிகவும் எளிய கண்ணியும் இதுவே. தீவனத்தை மாற்றினால் சில நாள்களுக்குள் பாலில் எம்1 இறங்கிவிடுகிறது. பால் சீரான நீர்மம் ஆகையால் மாதிரிச் சிக்கலும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் கொள்முதல் நிலையத்தில் ஒரு பட்டையே எந்த ஊரின் தீவனம் கெட்டது என்பதைக் காட்டிவிடும். நச்சேறிய பருப்பைத் தேடுவதைவிட அதன் தடத்தைப் பாலில் தேடுவது எளிது என்னும் இக்கருத்து, இந்தியச் சூழலில் கருவிகளை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்க உதவும்.

வயலும் களமும்

பூஞ்சை பெரும்பாலும் வயலிலேயே காயைப் பற்றுகிறது. காய் முற்றும் காலத்தில் வறட்சியும் மண்வெப்பமும் கூடினால் செடியின் எதிர்ப்பு தளர்கிறது. கறையானும் புழுவும் துளைத்த காயில் நுழைவு எளிதாகிறது. இங்கே அண்மைக்காலத்தின் மிகச் சிறந்த நுட்பம் பூஞ்சையைக் கொண்டே பூஞ்சையை வெல்வது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவசின் எல்லாக் கால்வழிகளும் நச்சு உண்டாக்குவதில்லை. நச்சற்ற கால்வழிகளைத் தானியத்தில் ஏற்றி வயலில் தூவினால் அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு நச்சுக் கால்வழிகளை நெருக்கி வெளியேற்றுகின்றன. அமெரிக்காவில் பருத்திக்கும் கடலைக்கும் பயன்பட்ட இம்முறை, ஆப்பிரிக்காவில் அந்தந்த நாட்டு மண்ணிலிருந்தே எடுத்த கால்வழிகளைக் கொண்டு 'அஃப்ளாசேஃப்' என்னும் பெயரில் மக்காச்சோளத்திற்கும் கடலைக்கும் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. எந்தக் கருவியாலும் பின்னர்ப் பிரிக்க இயலாததை இது முன்னரே தோன்றாமற் செய்கிறது.

உணவையே மாற்றியது சீனாவின் சிதோங் பகுதி. கல்லீரல் புற்றுநோய் மிகுந்த அப்பகுதியில் 1980களின் தானியக் கொள்கை மாற்றத்திற்குப் பின் மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினர். சேமித்து வைத்திருந்த பழைய குருதி மாதிரிகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டபோது அஃப்ளாடாக்சின் பிணைந்த ஆல்புமினின் அளவு பெரிதும் குறைந்திருந்தது. புற்றுநோய் இறப்பும் கணிசமாகக் குறைந்தது. கல்லீரல் அழற்சித் தடுப்பூசி பெற்ற தலைமுறை புற்றுநோய் வரும் வயதை எட்டுமுன்னரே இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

தமிழ்நாட்டில் திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற கடலை மாவட்டங்களுக்கு உணவு மாற்றம் பொருந்தாது. அறுவடையும் உலர்த்தலும் பொருந்தும். பிடுங்கிய செடியைக் காய் மேலாகத் திருப்பி உலர்த்துவது, அடிபட்ட காயைத் தனியே ஒதுக்குவது, பருப்பின் ஈரத்தை 8 விழுக்காட்டுக்குக் கீழே கொணர்ந்த பின்னரே மூட்டை கட்டுவது ஆகியன செலவற்ற முறைகள். இவற்றோடு விட வேண்டிய வழக்கம் ஒன்றும் உண்டு. கையால் உரிப்பதற்கு எளிதாக இருக்கும் என்றும், பருப்பு உடையாது என்றும் உலர்ந்த காயின்மீது நீர் தெளித்து ஊறவைத்து உடைப்பர். நன்றாக உலர்த்திக் காத்த பருப்பில் அந்த ஓரிரவு ஈரமே பூஞ்சைக்குப் போதுமானது. நனைத்த பருப்பு எடை கூடி நிற்பதால், எடைக்கு மட்டும் விலை தரும் வணிகத்தில் அது உழவருக்கு ஆதாயமாகவே முடிகிறது. உலர்ந்த, நச்சற்ற பருப்புக்குத் தனி விலை தரும் கொள்முதல் முறை வரும்வரை, ஐதராபாத்திலும் மைசூரிலும் உருவான சோதனை முறைகள் ஏற்றுமதிக் கிடங்கின் வாயிலைத் தாண்டி உள்ளூர்க் களத்துக்கு வருவது அரிதாகவே இருக்கும்.